அக்பர் அலி தொடர்பில் இல்லை

உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அக்பர் அலியிடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் எப்போது இறந்தார் என்று போனில் விசாரித்தார்கள். மரியாதையாகத்தான் விசாரித்தார்கள்.

"வணக்கங்க. நொய்யல் உயிரணு உயராய்வு நிலையத்துலருந்து ஹர்ஷிணி பேசறேனுங்க. அக்பர் அலிங்கிறவரோட ஊடுங்களா?"

"கடைங்க. சொல்லுங்க."

"எங்க ஆழ்ந்த அனுதாபங்க."

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தானுங்க. அவரு என்னைக்குத் தவறினாருன்னு மட்டும் சொல்லிப்போட்டீங்கன்னா போதும். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டோம்."

அக்பர் அலி உதட்டில் ஒட்டியிருந்த இலவம் பஞ்சைத் துடைத்துக்கொண்டார். "அம்மணி, நான்தான் அக்பர் அலி பேசறேன்."

மறுமுனையில் ஏதோ தட்டச்சு செய்து, செய்ததை அழித்து, மறுபடியும் தட்டச்சு செய்கிற ஓசை கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கியபடி கேட்டாள். "பக்கத்துல வேற யாராச்சும் பெரியவங்க இருக்காங்களா?"

அவர் போனை மனைவியிடம் கொடுத்தார். தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த சாஜிதா பேகம் தையல் மிஷினை நிறுத்தாமலே காதில் வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார். "இருக்காருங்க. இப்பத்தான் வடை தின்னாரு. இன்னொண்ணு வேணும்னு கேட்டுட்டு இருக்காரு."

இந்தப் பதில் நிலையத்தில் பெரிய கலவரத்தை உண்டாக்கிவிட்டது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அக்பர் அலிக்கு ஈறில் ரத்தம் வந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளாமலே உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. காய்ச்சல் விடவில்லை. ரத்தநோய் மருத்துவர் ஹாரிகா பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இது அக்யூட் லுகேமியா, ரத்தப் புற்றுநோயில் அவசரக்கார வகை, வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற பேச்சே வேண்டாம் என்று அன்றைக்கே படுக்கையில் போட்டுவிட்டார். மாதக்கணக்கில் மருந்து ஏறியது. தலைமுடி போனது, மீசை போனது, புருவம்கூடப் போய்விட்டது. அந்தக் கோலத்தில் கண்ணாடியில் தன்னைப் பார்த்த அக்பர் அலி, "முட்டையில கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்குது" என்று சொன்னதாக வார்டில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மீசை மட்டும் முன்னைவிட அடர்த்தியாகவே வந்தது. எலும்பு மஜ்ஜை சுத்தமாகிவிட்டது என்றார் ஹாரிகா. அதன் பிறகு மறுபடியும் மெத்தை தைக்க வந்துவிட்டார்.

படுக்கையில் விழுந்த முதல் நாளில், பரிசோதனைக்கு எடுத்ததில் மிச்சமிருந்த மஜ்ஜையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். "யாருக்காச்சும் ஆகும்னா எடுத்துக்கோங்க" என்று அவர் சொன்னார். சொன்னதை மறந்தும்விட்டார். அந்தச் சொட்டுதான் நொய்யல் நிலையத்துக்குப் போயிருந்தது.

போன் வந்த இரண்டாம் நாளே கடை வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. இயக்குநர் நேரில் பார்க்க விரும்புகிறார் என்றார் டிரைவர். சாஜிதாவும் ஏறிக்கொண்டார். "நீங்க உசுரோட இருக்கறதுக்குச் சாட்சி வேணுமில்லீங்க" என்றார்.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த நிலையம் முன்னொரு காலத்தில் நூல் மில்லாக இருந்தது. மில் நொடித்ததும், அதை வைத்திருந்தவரின் மகன் டாக்டர் லட்சுமணசாமி அதை ஆராய்ச்சி நிலையமாக மாற்றிவிட்டார். ஸ்பின்னிங் கொட்டகையில் மரபணு ஆய்வகம், கோடவுனில் கருத்தரங்கு அறை. மில் சங்கை மட்டும் மாற்ற மனமில்லாமல் விட்டுவைத்திருந்தார்கள். விஞ்ஞானிகள் டீ குடிக்க வேண்டிய நேரத்தில் அது ஊளையிடும். திறப்புவிழாக்களில் இயக்குநருக்குத் தனி ஈடுபாடு உண்டு. கட்டடத்துக்கு ஒரு கல்வெட்டு, மாடிக்கு ஒன்று, லிஃப்டுக்கு ஒன்று, ஆண்கள் கழிப்பறைக்கு ஒன்று. கழிப்பறையைத் திறந்துவைத்துச் சிறப்புரை ஆற்றியவரின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது.

அக்பர் அலி உள்ளே நுழைந்ததும் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். வரவேற்புப் பெண் அவரை யாரோ சிறப்பு விருந்தினர் என்று நினைத்துவிட்டாள். நோயாளி என்று தெரிந்ததும் அதைத் திரும்ப வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

இயக்குநர் லட்சுமணசாமி எழுந்து நின்றே வரவேற்றார். அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். ஒருமுறை சுற்றிவந்தும் பார்த்தார்.

"ஆரோக்கியமா இருக்கீங்களே" என்றார், குறைபட்டுக்கொள்கிற குரலில்.

"உங்க புண்ணியத்துலங்க" என்றார் அக்பர் அலி.

"எங்க புண்ணியம் ஒண்ணும் இல்லீங்க. எங்க கணக்குப்படி நீங்க..." என்று ஆரம்பித்த இயக்குநர், சாஜிதாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பினார். "ஆட்டோஃபேஜின்னு ஒண்ணு இருக்குதுங்க. ஒரு செல்லு தன்னோட குப்பையத் தானே தின்னு, அதுலயே பலம் எடுத்துக்கும். நல்ல செல்லு அதைப் பண்ணுனா நல்லது. புத்துநோய்ச் செல்லு பண்ணுனா அது மருந்துக்கே அசராம உக்காந்துக்கும். அந்த வேலையப் பாக்கற மரபணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குதுன்னு நாங்க அளந்து, அதுக்கு மார்க் போடறோம். உலகத்துலயே நாங்கதான் நூத்துக்கு மார்க் போடறோம். நொய்யல் மதிப்பெண். உங்க மார்க் என்ன தெரியுங்களா? தொண்ணூத்தி ரெண்டு!"

அக்பர் அலி எட்டாம் வகுப்போடு நின்றவர். கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அவருக்குச் சட்டென்று முகம் மலர்ந்துவிட்டது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"சந்தோசப்படாதீங்க" என்றார் இயக்குநர். "இதுல மார்க் அதிகம்னா தேறமாட்டாங்கன்னு அர்த்தம்."

அடுத்து அவர்களைப் புள்ளியியல் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அதன் தலைவர் தம்பிதுரை பொய் சொல்லத் தெரியாத மனிதர். எண்ணைப் பார்த்தால் எண்ணையே சொல்லிவிடுவார். அதனால் வெளியாட்களோடு பேச அவரை விடுவதில்லை. அன்று வேறு வழியில்லை.

திரையில் இரண்டு கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. "ஒருத்தர் தவறுனா ஒரு படி இறங்கும்ங்க" என்று விளக்கினார். "நீலம் மார்க் கம்மியா வாங்குனவங்க. சிவப்பு, ஜாஸ்தி வாங்குனவங்க. சிவப்பு எவ்வளவு அழகா இறங்கி வருது பாருங்க. கடைசியில மட்டும் தரையத் தொடாம இப்படியே நீட்டமாப் போகுது. இது நீங்க."

அக்பர் அலி அந்த மெல்லிய சிவப்புக் கோட்டை உற்றுப் பார்த்தார். மற்ற எல்லாரும் இறங்கிப் போய்விட்ட இடத்தில் அது தனியாக நடந்துகொண்டிருந்தது. கூட இருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். "பக்கத்துப் பெட்டுல ஈரோட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாருங்க. மஞ்ச மண்டி வச்சிருந்தாரு. அவரும் இதுலதான் இருக்காருங்களா?"

"பேரு எங்க பிரிவுக்கு வராதுங்க. நம்பர்தான்" என்றார் தம்பிதுரை. அவரும் கொஞ்சம் சங்கடப்பட்டார். "சிக்கல் என்னன்னா, நீங்க இருக்கற வரைக்கும் ரெண்டு கோட்டுக்கும் இருக்கற வித்தியாசம் தற்செயலா வந்ததாக்கூட இருக்கலாம்னு கணக்கு சொல்லுதுங்க. நீங்க இல்லீன்னா இது கண்டுபிடிப்பு. நீங்க இருந்தா வெறும் படம்."

இயக்குநருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. கையைத் தட்டினார். "நோன்பு! பட்டினி கிடந்தா ஆட்டோஃபேஜி மாறும்! இவர் ரம்ஜான் நோன்பு வச்சிருப்பாரு. அதான் விதிவிலக்கு! தம்பிதுரை, தனிக் கட்டுரையே எழுதிறலாம்!"

"இல்லீங்க" என்றார் அக்பர் அலி வருத்தத்தோடு. "மருந்து ஏறுனப்ப நோன்பு வைக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. அந்த வருசம் நான் நல்லா சாப்பிட்டனுங்க."

"கொஞ்சம்கூடப் பட்டினி கிடக்கலையா?"

"ஒரு நாள் ஆஸ்பத்திரி உப்புமா போட்டாங்க. அன்னைக்குக் கிடந்தேன்."

உப்புமாவை வைத்துக் கட்டுரை எழுத முடியுமா என்று இயக்குநர் சிறிது நேரம் உண்மையாகவே யோசித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்து, சம்பந்தம் பேச வந்தவரைப் போல ஆரம்பித்தார்.

"பாய், இந்த வாரக் கடைசியில உலக மாநாடு வச்சிருக்கோம். பெரிய பெரிய ஆளெல்லாம் வாராங்க. உங்களால எங்களுக்கு ஒரு உதவி ஆகணும். நீங்க சாகவெல்லாம் வேண்டாம்."

"சரிங்க."

"எங்க ஆளுங்க போன் பண்ணுனா எடுக்காம இருந்தாப் போதும். தொடர்பில் இல்லைன்னு ஒரு பிரிவு இருக்குது. உங்களை மூணாவது மாசத்துலயே காணாமப் போனதா வச்சுக்கறோம். சிவப்புக் கோடு தரையத் தொட்டுரும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. நீங்கபாட்டுக்கு மெத்தை தைச்சுட்டு, சந்தோசமாக் காணாமப் போயிருங்க."

அக்பர் அலிக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. இவ்வளவு படித்தவர்கள் இவ்வளவு பணிவாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? "சரிங்க" என்று சொல்லப் போனார். சாஜிதா மேசைக்கடியில் அவர் காலை மிதித்ததால், "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காரில் வரும்போது சாஜிதா சிரிக்க ஆரம்பித்தார். லங்கா கார்னர் பாலம் வரை சிரித்தார். அக்பர் அலி சிரிக்கவில்லை. தொண்ணூற்றி இரண்டு அவருக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் கரும்புக்கடையிலிருந்து ஒரு குடும்பம் நிக்காஹ் சீருக்கு மெத்தையும் தலையணையும் சொல்ல வந்தது. ரஜப் மாதத்தில் கல்யாணம். அக்பர் அலி விரலை விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "அது வரைக்கும் நான் இருப்பனான்னு தெரியலீங்க. வேற கடையில சொல்லிருங்க" என்றார். பெண்ணின் தகப்பனார் பயந்து எழுந்துவிட்டார்.

சாஜிதா ஓடிவந்து அவர்களை உட்காரவைத்து, ஆர்டரை வாங்கிக்கொண்டு அனுப்பினார். அப்புறம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஏனுங்க, மூணு வருசத்துக்கு முன்னாடி அந்த ஊசியெல்லாம் போட்டப்பக்கூட நீங்க இப்படிப் பேசலியே? அன்னைக்கு ஒடம்புல நோய் இருந்துது. இன்னைக்கு என்னங்க இருக்குது?"

"மார்க் இருக்குது."

"கெளம்புங்க" என்றார் சாஜிதா.

ஆஸ்பத்திரியில் ஹாரிகா, இருவரும் சொன்னது முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அக்பர் பாய், அவங்க கேக்கற கேள்வி நல்ல கேள்விதான். இந்த மரபணுக்களை உலகத்துல நெறைய பேர் பொறுமையா ஆராய்ஞ்சுட்டு இருக்காங்க. என்னைக்காவது ஒருநாள் யாருக்கு என்ன மருந்துன்னு முடிவு பண்ண அது உதவலாம். ஆனா இவங்க கொஞ்சப் பேரை வச்சு ஒரு கோடு போட்டுட்டு, அதுக்குள்ள மார்க் ஷீட் அடிச்சுட்டாங்க. கோடுங்கிறது கூட்டத்தப் பத்தின சேதி. தனி ஒரு ஆளுக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது. உங்க மஜ்ஜை போன மாசம்கூடச் சுத்தமா இருந்துது. மூணு வருசம் தாண்டினவங்களுக்கு இது திரும்ப வர்றது ரொம்ப அபூர்வம். போய் மெத்தை தைங்க."

அக்பர் அலி மூச்சை விட்டார். ஹாரிகா விடவில்லை.

"அவங்க அந்த மார்க்கை இப்ப நோயாளி வீட்டுக்கே குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேண்டாம்னு நானும் கத்திப் பாத்துட்டேன். வெளிய வராந்தாவுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க பாருங்க. பொண்ணை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நிக்கறாங்க. நல்லாத் தேற வாய்ப்பிருக்கற பொண்ணு. மருந்து ஆரம்பிக்க நான் ரெண்டு நாளைக்கு மேல காத்திருக்க முடியாது."

வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் சோமனூர் வெங்கடம்மாள். கணவர் போன பிறகு அவருடைய விசைத்தறிகளைத் தானே ஓட்டிக்கொண்டிருப்பவர். பக்கத்தில் அவர் மகள், கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும் பிரீத்திகா, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கையெல்லாம் நீலக் கன்றல். அக்பர் அலிக்கு அந்த நீலம் தெரியும்.

"ஏனுங்கம்மா, நானும் இதே நோவுதானுங்க. இதே ஆஸ்பத்திரிதான்" என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு மார்க் எவ்வளவுங்க?" என்று கேட்டார் வெங்கடம்மாள்.

"தொண்ணூத்தி ரெண்டு."

வெங்கடம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவளுக்குத் தொண்ணூத்தி ஒண்ணு. அந்த மார்க் வாங்குனவங்கள்ல ஒருத்தர்கூட இல்லீன்னு அங்கயே சொல்லிப்போட்டாங்க. நீங்க என்ர மனசு தேறணும்னு சொல்றீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு."

"அல்லா மேல சத்தியமுங்க."

"எங்கூட்டுக்காரரையும் இப்படித்தானுங்க. போய்ருவாருன்னு தெரிஞ்சும் ஆஸ்பத்திரியில வச்சு, மூக்குல ஒரு குழாய், வாயில ஒரு குழாய். கடைசியா எங்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. சொல்ல விடலீங்க. எம்புள்ளைக்கும் அந்தக் கதி வேண்டாம். இருக்கற நாள் ஊட்டுல இருக்கட்டும்."

பிரீத்திகா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "என்னைய யாருமே கேக்கல."

வெங்கடம்மாள் சரிபார்த்துவிடலாம் என்று அங்கேயே நிலையத்துக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் ஒரு குரல் இனிமையாகச் சொன்னது. "அக்பர் அலிங்களா? அவர் தொடர்பில் இல்லைங்க."

"நான் இங்கதானுங்க நிக்கறேன்!" என்று கத்தினார் அக்பர் அலி.

"உங்க ஆர்வத்துக்கு நன்றிங்க" என்றது குரல். வைத்துவிட்டது.

அதுவரை அக்பர் அலிக்குக் காணாமல் போவது ஒரு மரியாதைப் பிரச்சினையாகத்தான் இருந்தது. தான் காணாமல் போனால் சுவரில் சாய்ந்திருக்கும் இந்தப் பெண்ணும் சேர்ந்து காணாமல் போவாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் வெங்கடம்மாளிடம் சொன்னார். "நாளைக்கு அவங்களுக்கு மாநாடுங்க. பொண்ணு வார்டுலயே இருக்கட்டும், நீங்க எங்கூட வாங்க. அவங்க வாயாலயே சொல்ல வைக்கறேன். சொல்லலீன்னா நானே ஆட்டோ வச்சு உங்களை சோமனூர்ல விட்டுப்போடறேன்."

மாநாட்டு வாசலில் எல்லாருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். பேச்சாளர், பிரதிநிதி, சிறப்பு விருந்தினர், விளம்பரதாரர் என்று விதவிதமாக இருந்தன. லுகேமியா மாநாட்டில் லுகேமியா வந்தவருக்கு மட்டும் அட்டை இல்லை. அப்படி ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்திருந்த ஹர்ஷிணி, போனில் கேட்ட குரலை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் சிவந்துவிட்டது. பெட்டியைத் துழாவி மூன்று அட்டைகளை எடுத்து நீட்டினாள். "கேட்டரிங்"குக்கு அச்சடித்தவைதான் மிச்சமிருந்தன. அக்பர் அலி, சாஜிதா, வெங்கடம்மாள் மூவரும் கேட்டரிங்காக உள்ளே போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள்.

குத்துவிளக்கு ஏற்ற ஒன்பது பிரமுகர்களும் ஐந்து திரிகளும் இருந்ததால் முதல் அரைமணி நேரம் யார் எந்தத் திரி என்பதில் போயிற்று. அடுத்து பொன்னாடை. மேடையில் இருந்தவர்கள் கீழே இருந்தவர்களுக்குப் போர்த்தினார்கள். கீழே இருந்தவர்கள் மேலே ஏறித் திரும்பப் போர்த்தினார்கள். பிறகு இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த நிலையத்துக்கு நோயாளிகள்தான் கண்கள். அதனால்தான் நாங்கள் நோயாளிகளைப் பார்ப்பதே இல்லை. கண் தன்னைத் தானே பார்க்க முடியுமா?" பலத்த கைதட்டல். "மனிதர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் அவர்கள் விட்டுச் செல்லும் தரவு நிலைத்து நிற்கும். போகாமல் இருப்பவர்கள்தான் எங்களுக்குச் சிரமம் கொடுக்கிறார்கள். அவர்களையும் நாங்கள் பெருந்தன்மையோடு மன்னித்திருக்கிறோம். இதோ, எங்கள் வளைகோடு!"

திரையில் சிவப்புக் கோடு வந்தது. அழகாக இறங்கி வந்து, கடைசியில் தரையைத் தொட்டுப் படுத்துக்கொண்டது. அதன் கீழே, "அதிக மதிப்பெண் பிரிவில் தொடர்பில் உள்ளோர்: எவரும் இல்லை" என்று எழுதியிருந்தது.

வெங்கடம்மாள் எழுந்து போகத் தயாரானார்.

அக்பர் அலி கையைத் தூக்கினார். யாரும் பார்க்காததால் எழுந்தும் நின்றார். மேடையிலிருந்த மாநாட்டுத் தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையைப் படித்தார்.

"கேட்டரிங்காரங்க கேள்வி கேக்கக் கூடாது. சாப்பாடு ரெடியா?"

அரங்கம் முழுவதும் அன்றைக்கு முதல் தடவையாக ஆவலோடு திரும்பிப் பார்த்தது.

"சாப்பாட்டைப் பத்தித் தெரியாதுங்க" என்றார் அக்பர் அலி. "நான் அந்தச் சிவப்புக் கோடுங்க."

ஒரு சலசலப்பு எழுந்தது. இயக்குநர் சற்றும் அசரவில்லை. இதைவிடப் பெரிய மில் ஸ்ட்ரைக்குகளைப் பார்த்த குடும்பம் அது.

"நண்பர் உயிரோடு இருப்பதை இந்த நிலையம் மறுக்கவில்லை. வரவேற்கிறது. ஆனால் அது அவருடைய தனிப்பட்ட அனுபவம். இது விஞ்ஞானம். யாரோ ஒருவர் பிழைத்துக்கொண்டார் என்பதற்காக இவ்வளவு நல்ல கோட்டைப் பலிகொடுக்க முடியுமா? மேலும் அவர் தொடர்பிலேயே இல்லை."

"இருக்காருங்க சார்." வாசல் பக்கமிருந்து ஹர்ஷிணியின் குரல் வந்தது. அழுதுவிடுவாள் போலிருந்தது. "நான்தான் போன் பண்ணுனேன். முதல் ரிங்குலயே எடுத்தாரு. அவர் சம்சாரமும் பேசுனாங்க. வடை தின்னாருன்னு சொன்னாங்க."

நடு வரிசையில் பிரதிநிதி அட்டையோடு உட்கார்ந்திருந்த ஹாரிகா எழுந்தார். "எனக்கு ஒரே ஒரு கேள்வி. இவரைச் சேர்த்துக் கணக்குப் போட்டா என்ன வருது?"

இயக்குநர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி தம்பிதுரையிடம் போய்விட்டது. எண்ணைக் கேட்டால் எண்ணைச் சொல்கிறவர் அவர்.

"சேர்த்தா ஒண்ணுமே வராதுங்க மேடம்."

கடைசி வரிசையிலிருந்து வெங்கடம்மாள் கேட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "அப்ப எம்புள்ளைக்குக் குடுத்த மார்க்கு என்னுங்க?"

"அது முதற்கட்ட மதிப்பெண்ணும்மா" என்றார் இயக்குநர். "பெரும்போக்கா சொன்னது. அதைப் பாத்து யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்குங்க குடுத்தீங்க?"

"அச்சடிச்சுட்டோம்" என்றார் இயக்குநர். அன்றைக்கு அவர் பேசியதிலேயே உண்மையான வாசகம் அதுதான்.

வெங்கடம்மாள் அக்பர் அலி பக்கம் திரும்பினார். முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அவருடைய முழங்கையைப் பிடித்து, கத்திரிக்காய் பார்ப்பதைப் போல ஒரு அழுத்து அழுத்தினார்.

"நெசமாலுமே இருக்கீங்களே" என்றார். கண் கலங்கிவிட்டது. "ஆட்டோவெல்லாம் வேண்டாமுங்க. டாக்டரம்மாவை வரச்சொல்லுங்க. இப்பவே போலாம்."

அவர்கள் வெளியேறும்போது இயக்குநர் மேடையிலிருந்து ஓடிவந்து, புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, அக்பர் அலிக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். "இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிச்சதே எங்க நிலையந்தான்" என்று அவர் அறிவித்தது வாசல் வரை கேட்டது. சங்கு ஊளையிட்டது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

அன்று மாலையே பிரீத்திகாவுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. அதற்கு முன் ஹாரிகா கட்டிலில் உட்கார்ந்து, என்னவெல்லாம் நடக்கலாம், நல்லது என்ன, கெட்டது என்ன என்று அவளிடமே சொன்னார். நிச்சயம் என்று எதையும் சொல்லவில்லை. பிரீத்திகா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆரம்பிங்க டாக்டர்" என்றாள். வெங்கடம்மாள் மகளின் தலைமாட்டில் நின்று அழுதார். இந்த முறை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லவில்லை.

சுலபமாக இல்லை. ரத்த அணுக்கள் சரிந்தன, காய்ச்சல் ஏறியது. அக்பர் அலி தினமும் கடை சாத்திவிட்டு வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையாட்டிவிட்டுப் போவார். சாஜிதா வெங்கடம்மாளுக்குச் சோறு கொண்டுவருவார். ஒரு நாள் பிரீத்திகா உள்ளேயிருந்து, புருவம் இல்லாத முகத்தோடு, திருப்பிக் கையாட்டினாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. அடுத்த சில வாரங்களில் மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வந்தது. சுத்தம். இன்னும் சில சுற்று மருந்து பாக்கி இருக்கிறது, ஆனால் முதல் மலையைத் தாண்டிவிட்டோம் என்றார் ஹாரிகா. வெங்கடம்மாள் அந்தத் தளம் முழுவதற்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

அவள் வீட்டுக்குப் போகிற நாளில் வார்டுக்கு இயக்குநர் லட்சுமணசாமி வந்தார், புகைப்படக்காரரோடு. நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்ற கொள்கையை நிலையம் மறுபரிசீலனை செய்திருந்தது. வழியனுப்ப வந்திருந்த அக்பர் அலியையும் பிரீத்திகாவையும் இரண்டு பக்கமும் நிறுத்திக்கொண்டு அவர் ஒரு நல்ல செய்தியை வெளியிட்டார்.

"மரபணுக்களை மாத்திப் புதுசா மதிப்பெண் போட்டிருக்கோம். திருத்தப்பட்ட நொய்யல் மதிப்பெண்! அதுல நீங்க ரெண்டு பேருமே நல்ல பிரிவுக்கு வந்துட்டீங்க. பாய் பதினாலு, நீ பதினொண்ணு. வாழ்த்துகள்!"

பிரீத்திகா தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்வளவுங்க சார்?"

"எனக்கா?" இயக்குநர் சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா மார்க்? எனக்குத்தான் நோவே இல்லையே."

"எனக்கும் இப்ப இல்லீங்க" என்றாள் பிரீத்திகா.

புகைப்படக்காரர் சரியாக அந்த நேரத்தில் படமெடுத்துவிட்டார். அதில் இயக்குநரின் வாய் மட்டும் திறந்திருக்கிறது. நிலையத்தின் ஆண்டு மலரில் அந்தப் படம் வரவில்லை. வெங்கடம்மாள் கேட்டு வாங்கி, சோமனூரில் தறிக்கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.